நான் எட்டு வாரம் தலைவியாக இருந்தேன்

என்னை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நானும் போய் நிற்கவில்லை. போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், தரையோடு தரையாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில், எழுந்து வந்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். "இன்று முதல் நீங்கள்தான் குழு வழிகாட்டி" என்றார் சின்ன முதலாளி. நான் திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று.

அதற்குக் காரணம் உண்டு. எங்களை அந்தக் கிட்டங்கியில் அதுவரை யாரும் 'நீங்கள்' என்று சொன்னதில்லை. பெரிய முதலாளிக்கு நாங்கள் எல்லோரும் 'ஏய்'. தூரத்தில் இருப்பவளைக் கூப்பிட வேண்டுமென்றால் 'ஏஏய்'. அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை. அவருக்கு மூச்சுத் தொந்தரவு வந்து வீட்டோடு இருக்க, பட்டணத்தில் படித்த மகன் பொறுப்புக்கு வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. சென்னையில் குளிர்பதனம் செய்த ஓட்டல் ஒன்றில் இரண்டு வாரம் தலைமைப் பண்புப் பயிற்சி எடுத்து, சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். இரண்டே வாரத்தில் தலைவராகிவிடலாம் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நாங்கள் ஒழுங்காகக் காய் பொறுக்கப் பழகவே ஆறு மாதம் ஆயிற்று.

காய் பொறுக்குவது என்றால் இதுதான். போடிமெட்டு மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டுகளில் காயவைத்த ஏலக்காய் ஜீப்பில் சாக்குச் சாக்காக இறங்கும். அதை முறத்தில் கொட்டி, வெடித்தது, வெளிறியது, பூச்சி அரித்தது என்று பிரித்து, காம்பு கிள்ளி, நல்ல பச்சைக் காயை மட்டும் தனியே குவிக்க வேண்டும். முப்பது பெண்கள், எதிரும் புதிருமாக இரண்டு வரிசை. காலையில் ஆளுக்கு ஒரே அளவு காய் நிறுத்துக் கொடுப்பார்கள். அதைப் 'பங்கு' என்போம். சாயங்கால மணிக்குள் பங்கை முடித்துத் தராசுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வாரத்தில் மூன்று நாள் பங்கு முடிக்காதவளுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை. வாசலைத் தாண்டும்போது முந்தானை, மடி, கொண்டை எல்லாவற்றையும் உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஊரே ஏலக்காய் வாசனை அடிக்கிறது, இதில் எங்கள் கொண்டையில் மட்டும் என்ன தேடுவார்களோ!

எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரி அம்மாள் இருந்தாள். வாயைத் திறந்தால் கூவம் தோற்றுப்போகும். "ஏண்டி, அது உன் கையா, வாடகைக்கு எடுத்தாந்த கையா? வெரசாப் பொறுக்குடி!" என்று காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை ஓயமாட்டாள். எங்கள் புருஷன், பிறந்த வீடு, பல் வரிசை, ஒன்றையும் விட்டு வைத்ததில்லை. சின்ன முதலாளி வந்த முதல் வாரத்திலேயே அவளைப் பார்த்து அரண்டுபோனார். 'இது மனிதர்களை மையமாகக் கொண்ட தலைமை அல்ல' என்று சொல்லி, மரியாதையாக ஒரு சேலை கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பொய் சொல்லுவானேன், நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

அந்த நாற்காலிக்கு என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், நான் பத்தாவதுவரை படித்தவள். சின்ன முதலாளி மாட்டிய பலகையைச் சத்தம் போட்டு வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'மனிதர்களே நமது முதல் சொத்து' என்று எழுதி, அதைத் தராசுக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டியிருந்தார். நாங்கள் சொத்து என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாருடைய சொத்து என்பது பலகையில் இல்லை.

சனிக்கிழமை தோறும் 'மனம் திறந்த கூட்டம்' என்று ஒன்று வைத்தார். மணி அடித்த பிறகு அரைமணி நேரம் எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். அவரும் தரையில் உட்காருவார், வேட்டி அழுக்காகாமல் இருக்கக் கீழே ஒரு துண்டு விரித்துக்கொண்டு. "பயப்படாமல் பேசுங்கள். இங்கே முதலாளி, தொழிலாளி இல்லை. நாம் ஒரே குடும்பம்" என்பார். முதல் கூட்டத்தில் ஒருத்தி தைரியமாக எழுந்து, கக்கூசுக்குக் கதவு இல்லை, ஒருத்தி போனால் இன்னொருத்தி சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்றாள். அவர் முகம் உருகிவிட்டது. "குறித்துக்கொள்கிறேன் அம்மா" என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் எவ்வளவு அழகாகக் குறித்துக்கொள்வார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதவு மட்டும் கடைசிவரை வரவில்லை.

எங்களில் ஒருத்தி பக்கத்துக் கிராமமான சிலமலையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கைக்குழந்தைக்காரி, பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். அவள் புருஷன் மலையில் மூட்டை தூக்குகிற ஆள். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு கவிழ்ந்து முதுகில் அடிபட்டதிலிருந்து மூட்டை தூக்க முடியாது. பிள்ளையைத் தூக்க முடியும். அதனால் தினமும் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும், ஒரு கையில் தடி, ஒரு கையில் பிள்ளை என்று பஸ்ஸில் வந்து எங்கள் கிட்டங்கி வாசலில் நிற்பான். தெருவில் லோடு இறக்குகிறவர்கள் "என்னா மாப்ளே, எப்ப நீயே பால் குடுக்கப் போற?" என்று கேலி பேசுவார்கள். அவனும் சிரித்துவிட்டு நிற்பான். அந்த வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். அவள் வேலை போனால் அடுப்பு எரியாது என்பது எங்கள் முப்பது பேருக்கும் தெரியும்.

பால் கொடுக்கப் போய், உதறிக் காட்டி, திரும்ப வந்து உட்கார ஒவ்வொரு தடவையும் அரைமணி நேரமாவது ஆகும். அந்த நேரத்துக்கு அவள் பங்கு யார் பொறுக்குவது? இதற்குக் கிட்டங்கியில் வெகுகாலமாக ஓர் ஏற்பாடு இருந்தது. யார் தொடங்கியது என்று தெரியாது. பக்கத்தில் இருப்பவள் தான் பொறுக்கிய காயில் ஒரு கை அள்ளி, பேசாமல் அவள் குவியலில் போடுவாள். காய்ச்சல்காரிக்கும் அப்படித்தான், வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் அப்படித்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறிய மாதத்தில், கண்ணில் பச்சையும் மஞ்சளும் ஒன்றாகத் தெரிந்தபோது, என் பங்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. வாங்கினவள் நன்றி சொல்வதும் கிடையாது. சொன்னால்தான் கோபம் வரும்.

நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் பதினோரு மணிக்கு நான் அசந்துபோனேன். தரையில் இருந்தவரை, பக்கத்திலும் நேர் எதிரிலும் இருக்கிற இரண்டு மூன்று பேர்தான் போடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். மேலே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது, வரிசையின் கடைசியில் இருப்பவள் ஒரு கை காயைப் பக்கத்து முறத்தில் போடுகிறாள், அவள் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. எதிர் வரிசை முழுவதிலிருந்தும் வருகிறது. வாய் என்னவோ ரேஷன் கடை சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறது, கை தன் பாட்டுக்குப் போய்வருகிறது. ஒளிவு மறைவே இல்லை. அவள் திரும்பி வந்து உட்காரும்போது குவியல் அவளுக்காகக் காத்திருந்தது.

அப்படியென்றால் மேஸ்திரி அம்மாள் இத்தனை வருடம் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்? யோசித்துப் பார்த்தேன். பதினோரு மணியானால் "உங்க மூஞ்சியெல்லாம் பாக்கச் சகிக்கலடி!" என்று திட்டிவிட்டு, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு வெற்றிலை போட உட்கார்ந்துவிடுவாள். மூன்று மணிக்கும் அதே கதைதான். மகாராணிக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். இப்போது புரிந்தது. எனக்கு அவள்மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வரவில்லை. 'பாவம், படிக்காதவள், இவ்வளவு நல்ல விஷயத்தை மேலே எடுத்துச் சொல்லத் தெரியாமல் காலத்தை ஓட்டிவிட்டாளே' என்றுதான் நினைத்தேன். பத்தாவது படிப்பு என்ன லேசுப்பட்டதா?

ஆறாவது வாரம் சின்ன முதலாளிக்கு 'குடும்ப நாள்' கொண்டாடும் யோசனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய், அவருடைய ஏலத் தோட்டத்தில் ஒற்றுமையை வளர்ப்பது என்று முடிவாயிற்று. விருப்பம் இருப்பவர்கள் வரலாம் என்றார். வராதவர்கள் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எல்லோருக்கும் விருப்பம் வந்துவிட்டது.

இரண்டு ஜீப்பு, முப்பது பெண்கள். போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் வாந்தி எடுத்து, மீதிப் பேர் அவர்களைப் பிடித்து, ஒற்றுமை அங்கேயே நன்றாக வளர்ந்துவிட்டது. தோட்டத்தில் இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. பத்து வருடம், பன்னிரண்டு வருடம் காய் பொறுக்கிய பெண்கள், அதுவரை ஏலச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லோரும் அண்ணாந்து இலையில் காயைத் தேடுகிறார்கள். தோட்டத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே கீழே காட்டினாள். செடியின் காலடியில், மண்ணை ஒட்டிப் படர்ந்த கொத்தில் காய் தொங்கியது. "யாத்தே, இம்புட்டுக் கீழயாடி காய்க்கிது! அவளுகளும் நம்மள மாதிரிக் குனிஞ்சேதான் கெடக்காளுக" என்றாள் எங்களில் ஒருத்தி.

சின்ன முதலாளி அதற்கெல்லாம் நேரம் கொடுக்கவில்லை. பயிற்சியில் கற்ற விளையாட்டு ஒன்றை நடத்த வேண்டும். ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும், இன்னொருத்தி அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதனால் நம்பிக்கை வளருமாம். "சாயுங்கள் அம்மா, உங்கள் சகோதரி பிடிப்பார்" என்று கெஞ்சுகிறார். ஒருத்தியும் அசையவில்லை. "கட்டுன புருசன் முன்னாலயே நாங்க மல்லாக்க விழுந்ததில்ல. இதுக்கா ஜீப்பு வச்சுக் கூட்டியாந்தீக?" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் முகம் சிறுத்துவிட்டது.

சிலமலைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளையைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மணி பன்னிரண்டாகிவிட்டது. மார்பு கட்டிப் பால் கசிந்து ரவிக்கை நனைய, இரண்டு கையையும் இறுக்கக் குறுக்கே கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்த்த மாத்திரத்தில் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தோட்டத்துப் பெண் ஒருத்தி அருகில் வந்து, "வா மோளே" என்று மலையாளத்தில் அழைத்து, அவள் தோளை அணைத்துச் செடிகளுக்குப் பின்னால் கூட்டிப் போய்விட்டாள். சின்ன முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "கவனித்தீர்களா? அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்படி நிற்பவர்களின் மனம் மூடியிருக்கிறது என்று அர்த்தம். அவள்தான் மற்றவர்களையும் கெடுக்கிறாள்" என்றார். மடையா, அது மனசு இல்லை, பால் என்று வாய்வரை வந்தது. ஆம்பிளையிடம் அதை எப்படிச் சொல்வது என்ற கூச்சத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் சோகமாக உட்கார்ந்திருந்தார். மலையில் நடந்தது அவரை வருத்தியிருந்தது. "நம்மிடம் குழு உணர்வே இல்லை. ஒருவருக்காக ஒருவர் எதையும் செய்யத் தயாராக இல்லை. சிலர் மனதை மூடி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லி, கண்ணைச் சிலமலைக்காரி பக்கம் திருப்பினார். எனக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. யாரைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்! அவளுக்காகப் பேச வேண்டும் என்று தோன்றியது உண்மை. அதோடு, இந்தப் படித்த மனிதருக்கு நான் ஒன்று சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்ற பெருமிதமும் உண்மை.

எழுந்து நின்றேன். "அப்படிச் சொல்லாதீங்கய்யா. அவ கைப்பிள்ளக்காரி. தெனம் ரெண்டு தடவ பால் குடுக்கப் போவா. அவ போற நேரத்துக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு கை காயை அவ பங்குல போட்டுருவோம். இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசிவரைக்கும் போடுறோம்யா. வருசக்கணக்கா நடக்குது. இத விடக் குழு உணர்வு எங்கய்யா இருக்கு?" என்றேன். நன்றாகத்தான் பேசினேன். பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டியில்கூட அப்படிப் பேசியதில்லை.

பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சிலமலைக்காரி மட்டும் என்னைப் பார்த்தாள். சின்ன முதலாளி கண் கலங்கி, துண்டால் ஒற்றிக்கொண்டு, கை தட்டினார். நீண்ட நேரம் தட்டினார். பிறகு நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, பங்கு நிறுப்பதற்கு முன்னால், எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்களைப் பற்றியே யோசித்ததாகச் சொன்னார். நாங்கள் அடுத்தவருக்கே அள்ளிக் கொடுக்கும் அளவுக்குத் திறமையை வைத்துக்கொண்டு, அது தெரியாமல் எங்களைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டதற்கு வருந்துகிறாராம். எங்கள் மேல் வைத்த நம்பிக்கையின் அடையாளமாக இன்று முதல் ஆளுக்குக் கால் பங்கு கூட்டிக் கொடுக்கிறாராம். அந்த மனிதர் கிண்டல் செய்யவில்லை. மனசாரத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

பிறகு சிலமலைக்காரியை முன்னால் அழைத்தார். "தாய்மையை நாங்கள் மதிக்கிறோம். மற்றவர் உழைப்பில் வாழ வேண்டிய சங்கடம் உங்களுக்கு எதற்கு? குழந்தை நடக்கிறவரை வீட்டில் நிம்மதியாக இருங்கள்" என்று சொல்லி, பளபளக்கும் தாளில் சுற்றிய ஒரு பால் புட்டியைப் பரிசாகக் கையில் கொடுத்தார். கை தட்டச் சொன்னார். தட்டினோம்.

அவள் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "அது நடக்கறவரைக்கும் நாங்க என்னத்தய்யா திங்கிறது?" என்று கேட்டாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

வாசலில் அவளை உதறவிட்டுப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. வழிகாட்டி நான்தானே! முந்தானையை உதறினாள், மடியை உதறினாள், கொண்டையை அவிழ்த்துக் காட்டினாள். ஒரு காய்கூட விழவில்லை. போய்விட்டாள்.

அந்த வாரம் கிட்டங்கியில் யாரும் யாருக்கும் ஒரு கை காய் போடவில்லை. திட்டம் போட்டு நிறுத்தியதாகத் தெரியவில்லை. போட்டால் நான் பார்ப்பேன், அவ்வளவுதான். ஒவ்வொருத்தியும் தன் முறத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "வழிகாட்டியம்மா, ஒண்ணுக்குப் போகலாமா?" "வழிகாட்டியம்மா, கொட்டாவி வருது, விடட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார்கள். சனிக்கிழமை தராசில் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் பங்கு முடியவில்லை. காய்ச்சல்காரி ஒருத்தி மூன்று நாள் தவறிவிட்டாள். சின்ன முதலாளி தராசையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். தராசில் கோளாறு என்று சந்தேகப்பட்டு, அதைக் கழற்றித் துடைக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சிலமலைக்குப் போனேன். அவள் வெங்காயக் களைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். அந்த வாரத்தில் கிடைத்தது இரண்டு நாள் வேலைதான். புருஷன் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து, "வாங்கக்கா, ஒக்காருங்க. காப்பித் தண்ணி குடிக்கிறீகளா?" என்றான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

"எதுக்குக்கா வந்த? இங்கயும் கூட்டம் போடவா?" என்றாள் அவள்.

"உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தாண்டி சொன்னேன். அந்தாளு உன்னையத் தப்பாப் பேசுறாரேன்னு..."

"அவரு பேசுனா பேசிட்டுப் போறாரு. அவரு பேசுனதுல எனக்கு என்னக்கா கொறைஞ்சுச்சு?" பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். "மேஸ்திரி இருந்தப்ப அவளுக்குப் பயந்து ஒளிச்சு ஒளிச்சுப் போட்டோம். நீ நாக்காலில ஒக்காந்ததும், நம்ம ஆளுதானேன்னு ஒளிக்காமப் போட்டோம். அம்புட்டுத்தான் நாங்க செஞ்ச தப்பு."

அழுகை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். இவளுக்காகப் பேசப் போய் இவளிடமே பேச்சு வாங்குகிறோமே என்று விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, போடி வந்து இறங்குகிறவரை அந்தக் கோபத்தைப் பிடித்து வைத்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்கு மஞ்சள் காமாலை வந்த மாதத்தில் எதிர் வரிசையிலிருந்து ஓயாமல் போட்ட கை அவளுடையதுதான்.

மறுநாள் காலை சின்ன முதலாளியின் அறைக்குப் போனேன். "அய்யா, அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்றேன்.

"எது?"

"காய் அள்ளிப் போடுறது. யாரும் யாருக்கும் போட்டதில்லைங்கய்யா. உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு நானா இட்டுக்கட்டிச் சொன்னேன். போன வாரம் தராசுல பாத்தீகளே. அப்படிப் போடுறவளுகளா இருந்தா இம்புட்டுப் பேருக்குக் கொறையுமா?"

அவர் நோட்டைப் புரட்டினார். தராசுச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தார். என் பொய் அங்கே சுத்தமாக நிரூபணம் ஆகியிருந்தது. "அப்படியென்றால்..." என்று மெதுவாகச் சொன்னார், "அந்தச் சிலமலைப் பெண் தினமும் இரண்டு முறை வெளியே போய்வந்தும், தன் பங்கைத் தானே முடித்திருக்கிறாளா?"

"ஆமாங்கய்யா. அவ கை அப்படி."

சாமி சத்தியமாக, என் வாழ்நாளில் அவ்வளவு கூசாமல் பொய் சொன்னதில்லை. இரண்டு வாரப் பயிற்சியும் இல்லை, சான்றிதழும் இல்லை.

அவர் மிகவும் மனம் உடைந்துபோனார். குடும்பத்துக்குள் பொய்யா என்று கேட்டார். என்னை வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து நீக்குவதாகவும், அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாமல் நான் வளர்வதற்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எடுத்துக்கொண்டேன். கூட்டிய கால் பங்கைத் திரும்பக் குறைத்தார். காய்ச்சல்காரி தவறிய நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பலகையில் 'நேர்மை' என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். சிலமலைக்கு ஜீப்பு அனுப்பி அவளை வரவழைத்து, சிறந்த ஊழியர் என்று அறிவித்து, மாலை போட்டார். வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று அவளைக் கேட்டார். "எனக்கு நாக்காலில ஒக்காந்தா குறுக்கு வலிக்கும்யா" என்று அவள் தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேறு தகுதியான ஆளைத் தேடுவதாகச் சொன்னார். சீசன் முடிகிறவரை தேடினார். நாற்காலி காலியாகவே கிடந்தது. வேலை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

அவள் திரும்பி வந்த முதல் நாள், பதினோரு மணிக்கு அவள் புருஷன் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றான். அவள் எழுந்து போனாள். கைகள் மறுபடி அசையத் தொடங்கின. கடைசியில் இருப்பவள் பக்கத்து முறத்தில் போட்டாள், அவள் அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு. என்னிடம் வரும்போது மட்டும் அது என்னைத் தாண்டிக் குறுக்கே போயிற்று.

அவள் திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல், என் குவியலில் நல்ல காயாக இரண்டு கையும் நிறைய அள்ளி அவள் குவியலில் போட்டேன். அவள் வேலையை நிறுத்தினாள். நான் போட்டதை அப்படியே இரண்டு கையாலும் அள்ளி என் முறத்தில் திருப்பிக் கொட்டினாள். கோபமாகச் செய்யவில்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் செய்தாள்.

"வேணாம்க்கா. நீ எங்கயாச்சும் பெருமையாச் சொல்லிருவ" என்றாள்.

அவள் சொன்னதில் என்ன தப்பு? இத்தனை வருடம் கழித்து, இதோ, சொல்லிவிட்டேன்.